பதினோரு வாய் கொண்ட பை

தன் மகளின் ஏழாவது பிறந்தநாளுக்கு இசக்கியம்மாள் பதினோரு சுருக்குப் பைகள் தைத்தாள் என்பதும், அந்தப் பதினோரு பைகளுக்கும் வாய்தான் வேறே தவிர உள்பக்கம் ஒன்றே ஒன்றுதான் என்பதும் திருப்பூர் ராமாத்தாள் காம்பவுண்டில் குடியிருந்த எல்லோருக்கும் தெரியும். புதிதாகக் குடிவருகிறவர்கள், தண்ணீர் எந்த நாளில் எத்தனை மணிக்கு வரும் என்பதைக் கேட்டுக்கொண்ட கையோடு இதையும் குழாயடியில் கேட்டுக்கொள்வார்கள். கேட்டுவிட்டு, சரி என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

எதிரும் புதிருமாகப் பத்து வீடுகள், நடுவில் ஒரு குழாய், முகப்பில் வீட்டுக்காரம்மா ராமாத்தாளின் மாடி வீடு, இவ்வளவுதான் அந்தக் காம்பவுண்ட். பத்து வீட்டிலும் பனியன் கம்பெனிப் பிழைப்பு. நாங்குநேரிப் பக்கத்திலிருந்தும், ராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்தும், ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள்; ஒருவர் ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்து கதவைச் சாத்துகிறபோது இன்னொருவர் கதவைத் திறந்து வேலைக்குக் கிளம்புவார்; பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்று மூக்குக்குத் தெரியுமே தவிர, பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயர் வாய்க்குத் தெரியாது. முந்தின வருஷம் மகள் தன்ஷிகாவின் பிறந்தநாளுக்கு இசக்கி ஒரு கிலோ கேக் வாங்கி, பலூன் ஊதிக் கட்டி, வாசலில் நின்று போகிற வருகிற பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டாள். இரண்டே இரண்டு பிள்ளைகள் வந்தன. அதிலும் ஒன்று, அம்மா தேடுவாள் என்று கேக்கைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டது. மிச்சக் கேக்கை மூன்று நாள் வைத்துத் தின்றார்கள். மூன்றாம் நாள் தன்ஷிகா கடைசித் துண்டைத் தட்டில் நகர்த்திக்கொண்டே, அடுத்த வருஷம் தனக்குப் பிறந்தநாள் வேண்டாம் என்று சொன்னாள். அழாமல் சொன்னாள். அதுதான் இசக்கியால் தாங்க முடியவில்லை.

அவள் கம்பெனியில் பவர் சிங்கர் மிஷினில் உட்காருகிற டெய்லர். கையில் இருக்கிற தொழிலை வைத்துத்தான் அவளுக்கு யோசனை ஓடும். பெயர் போட்ட பொருள் ஒன்று ஓரிடத்தில் காத்திருந்தால், அந்தப் பெயருக்குரிய பிள்ளை அதைத் தேடி வந்துதானே ஆகவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நேரம் பார்த்துக் கம்பெனியில் ஒரு துணி ஷேடு மாறி வந்து நின்றது. கத்தரிப்பூ நிறம் கேட்டுச் சாயப்பட்டறைக்கு அனுப்பியது, வேறு ஏதோ நிறமாக வந்திருந்தது. கட்டிங் மாஸ்டர் அதை நாவல்பழம் என்றார், சூப்பர்வைசர் மயில்கழுத்து என்றார், துணி மடித்துக் கொடுக்கிற கைமடிப் பெண்கள் ஆளுக்கொரு நிறம் சொன்னார்கள், இரண்டு பேர் சொன்னது ஒத்துப்போகவில்லை. அந்தத் துணியில் நீளமான ஒரே பீஸை, வெட்டுப்படாமல், இசக்கி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பிறகு வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் பெயர் கேட்டாள். எழுத்துப் பிசகாமல் பையில் போட வேண்டுமே. அப்படித்தான் கணக்குப்பிள்ளை அம்பலவாணன் வீட்டுப் பையன் பெயர் குகன் என்பதும், அவர்கள் முட்டைகூடச் சேர்க்காத சைவக்காரர்கள் என்பதும், அவர் மனைவி கோமதிக்கும் தனக்கும் ஊர் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் தள்ளி என்பதும் அவளுக்குத் தெரிந்தது. கடற்கரையிலிருந்து வந்த ஜெசிந்தாவின் பையன் ரோஷன். கடைசி வீட்டில் இருந்தவர்களை எல்லோரும் இந்திக்காரர்கள் என்றார்கள். அவர்கள் பேசுவது இந்தி இல்லை, ஒடியா என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. அந்த வீட்டுப் பெண் குனி கதவைப் பாதி திறந்து, மகள் பெயரை மூன்று தரம் சொன்னாள். முதல் தரம் இசக்கிக்கு லிப்ட் என்று கேட்டது. மூன்றாம் தரம் லிப்சா என்று சரியாகத் திருப்பிச் சொன்னபோது, குனி கதவை முழுசாகத் திறந்து சிரித்தாள்.

சாப்பாட்டு மணி அடித்த பிறகு மற்றவர்கள் டிபனைத் திறக்க, இசக்கி ஒரு கையால் சோற்றை வாயில் போட்டுக்கொண்டு, மற்ற நேரம் இரண்டு கையாலும் பை தைத்தாள்: துணியை மடித்து, இரண்டு பக்கமும் தையல் ஓட்டி, மேலே நாடா நுழையச் சந்து விட்டு மடக்கி அடித்து, ஊக்கில் நாடாவைக் கோர்த்து இந்த வாய்க்கு விட்டு அந்த வாய்க்கு எடுத்து, முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்து. பெயர்களை மட்டும் கையால் போட்டாள். கம்பெனி வேனில் போகும்போதும் வரும்போதும், மஞ்சள் நூலில், சங்கிலித் தையலில், ஒவ்வொரு எழுத்தையும் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் போட்டாள். வேன் குலுங்கிய இடத்திலெல்லாம் எழுத்துக்குச் சின்னதாக ஒரு வால் முளைத்தது.

பிறந்தநாளன்று பதினோரு பிள்ளைகளும் வந்தார்கள். தன்ஷிகா பதினொன்றில் ஒன்று. பையை வாங்கின ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரைத் தடவிப் பார்த்தது. கேக் பத்தாமல் போனது. இசக்கிக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் அந்த வருஷத்தில் கிடைக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடத்து இடைவேளையில் தன்ஷிகா தன் பையில் பென்சிலைத் தேடிக் கையை விட்டாள், நெத்திலிக் கருவாடு வறுவல் வந்தது. ரோஷன் தன் கருவாட்டைத் தேடிக் கையை விட்டான், குகனின் விபூதி மடித்த காகிதம் வந்தது. லிப்சா கையை விட்டாள், இரண்டாம் வாய்ப்பாடு வந்தது, அது யாருடையது என்று கடைசிவரை ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருப்பதாக நினைக்கவில்லை. ஒரே துணியில் வெட்டின பை, ஒரே மாதிரிதானே இருக்கும் என்றாள் தன்ஷிகா. அவர்களுக்கு வேண்டியிருந்ததெல்லாம் எதை எப்படி எடுப்பது என்கிற கணக்கு. அதை அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். எடுக்க நினைக்கிற பொருளை மனசில் வைத்துக் கையை விட்டால் அது வரும். ஒன்றும் நினைக்காமல் விட்டால் எது மேலே கிடக்கிறதோ அது வரும். பொருள் போகும், வரும். சத்தம் மட்டும் போகாது. ரோஷன் பைக்குள் வாயை வைத்துத் தொண்டை வறளக் கத்திப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொன்னான்.

பெரியவர்களுக்குத்தான் பழக நாளாயிற்று. முதல் வாரம் எல்லாத் தாய்மார்களும் டிபன் பாக்ஸில் பெயிண்டால் பெயர் எழுதினார்கள். இரண்டாம் வாரம், எழுதிப் பிரயோஜனம் இல்லை, எந்தப் பிள்ளை எதைத் தின்னும் என்று சொல்வதற்கில்லை என்று தெரிந்து, ஆளுக்கு இரண்டு கரண்டி கூடுதலாக வடித்தார்கள். மூன்றாம் வாரம் ராமாத்தாள், மோட்டார் ரூம் சாவியை அவசரமாகப் பள்ளிக்கூடத்துப் பக்கம் நின்ற எலக்ட்ரீஷியனுக்குக் கொடுக்க, காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்த ஒரு பிள்ளையின் பையில் போட்டு அனுப்பி, வேலை முடிந்ததும் அதே வழியில் திரும்ப வாங்கிக்கொண்டாள். பரீட்சை நாளில் டீச்சர் பதினோரு பைகளையும் வாங்கி வெளியே வேப்பமரத்துக் கிளையில் வரிசையாகத் தொங்கவிட்டார். பரீட்சை முடிகிறவரை அவை காற்றில் ஆடிக்கொண்டு கிடந்தன. ஈரத் துணி போடக்கூடாது, மூடி இல்லாத ரசம் போடக்கூடாது, உயிருள்ளது எதையும் போடக்கூடாது என்று மூன்று சட்டங்கள் வந்தன. மூன்றாவது சட்டம், ஒரு பூனைக்குட்டி ரோஷன் பையில் இறங்கி, குகன் பை வழியாகக் கோமதியின் அரிசி டப்பா பக்கத்தில் ஏறி வந்த அன்று போட்டது.

"பைக்கு வாய்தான் பதினொண்ணு, வயிறு ஒண்ணு" என்று ராமாத்தாள் வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவர்களிடம் சொல்ல ஆரம்பித்தாள். "உங்களுக்கு அது சங்கடம்னா இப்பவே சொல்லிருங்க."

வெகுநாள் சங்கடம் ஒருத்திக்குத்தான் இருந்தது. குகன் ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்து தட்டில் கையை வைத்தபோது அவன் விரலில் கருவாட்டு வாசம் அடித்தது. கோமதி அவனைக் குழாயடியில் நிறுத்திச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினாள். ருசியாக இருந்தது என்று அவன் தலையில் தண்ணீர் வழிய வழியச் சொன்னான். கோமதி அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஜெசிந்தாவிடம் போய்ச் சண்டை போடவும் இல்லை. போட்டிருந்தால்கூட நல்லதாக இருந்திருக்கும். மனசிலேயே வைத்துக்கொண்டாள்.

மனசில் வைத்தது பிறகு வேறு வழியில் வந்தது. பத்து வீட்டுச் சமையல் ஒரே பைக்குள் போகும்போது, யார் எவ்வளவு போடுகிறார்கள், யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்ற பேச்சு வராமல் இருக்காது. ஒரு செவ்வாய்க்கிழமை, குழாயில் தண்ணீர் விட்டு நாலைந்து குடங்கள் வரிசையில் நின்றபோது, அந்தக் கடைசி வீட்டுப் பிள்ளை எடுக்க மட்டும் செய்கிறது, அந்த வீட்டிலிருந்து ஒரு டப்பா போய் நாங்கள் பார்த்ததில்லை என்று கோமதி சொன்னாள். இன்னொருத்தி ஆமாம் என்றாள். இன்னொருத்தி, அவர்களுக்கு அதெல்லாம் எங்கே தெரியும் என்றாள். குனி அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் அவ்வளவாகப் புரியாது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவள் குடம் பாதிதான் நிறைந்திருந்தது. அதை அப்படியே இடுப்பில் எடுத்து வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இசக்கி அடுத்த குடத்துக்குரியவளாக வரிசையில் நின்றாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பை தைத்துக் கொடுத்தவள் அவள். அவள் சொன்னால் கேட்டிருப்பார்கள். ஆனால் எல்லோரும் இப்போதுதான் தன்னோடு பேசுகிறார்கள், தன் பிள்ளையோடு விளையாடப் பிள்ளைகள் வருகின்றன, அதைக் கெடுத்துக்கொள்வானேன் என்று அந்த நிமிஷத்தில் ஒரு பயம் வந்து நாக்கைப் பிடித்துக்கொண்டது. குடத்தைக் குழாய்க்கு அடியில் நகர்த்தினாள்.

வெள்ளிக்கிழமை கடைசி வீடு காலியாகிவிட்டது. பெருமாநல்லூர்ப் பக்கம் யாரோ சொந்தக்காரர் ரூமுக்குப் போய்விட்டதாக ராமாத்தாள் சொன்னாள். லிப்சா பையைக் கொண்டுபோயிருந்தாள். ஆனால் அந்தப் பையின் வாயைக் குனி இறுக்கி ஏழு முடிச்சுப் போட்டுவிட்டாள் என்பது பின்னால்தான் தெரிந்தது. தன்ஷிகா தினம் ஒரு சீட்டு எழுதிப் போட்டாள், சீட்டுகள் எல்லாம் பையின் அடியில் அப்படியே கிடந்தன.

அடியில் வேறொன்று இல்லாமல் போனதையும் அப்போதுதான் கவனித்தார்கள். முதல் நாளிலிருந்தே பைக்குள் எந்நேரம் கையை விட்டாலும் அடியில் ஒரு பிடி பொரி கிடக்கும். உப்பும் கடுகெண்ணெயும் லேசாகப் புரட்டின பொரி. பிள்ளைகள் அள்ளி அள்ளித் தின்றும் தீராது. அது பைக்கே உரியது, துணிக்கு நிறம் இருக்கிற மாதிரி அந்தப் பைக்குப் பொரி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது நின்றுபோய் நாலு நாளானதும் குகன் தன் அம்மாவிடம் பொரி எங்கே என்று கேட்டான். தன்ஷிகா வாசலில் இருந்தபடி, "அது லிப்சா போடுறது. தெனம் காலையில ரெண்டு கையாலயும் அள்ளிப் போடுவா" என்றாள். கோமதி உள்ளே போய் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

ஆனால் ஒரு பேச்சு ஒரு தடவை குழாயடிக்கு வந்துவிட்டால் அது ஆளை மாற்றிக்கொண்டு நிற்கும். கடைசி வீடு போனபிறகு, எடுக்க மட்டும் செய்கிற அடுத்த வீடு எது என்று தேட ஆரம்பித்தார்கள். மூன்று வாரத்தில் நாலு வீட்டுக்கு நாலு வீடு முகம் பார்ப்பதில்லை. கடைசியில் ராமாத்தாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இசக்கியைக் கூப்பிட்டு, பத்துப் பைகளையும் வாங்கித் தையலைப் பிரித்துப் போட்டுவிடச் சொன்னாள். தைத்தவள் பிரித்தால்தான் யாருக்கும் வருத்தம் இருக்காது என்றாள்.  இசக்கியே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று பைகளை வாங்கினாள்.

காம்பவுண்டு நடுவில், குழாய்க்குப் பக்கத்தில் பாயை விரித்து உட்கார்ந்து, நூல் வெட்டுகிற டிரிம்மரைக் கையில் எடுத்தாள். பத்துப் பிள்ளைகளும் எதிரே வந்து வரிசையாக உட்கார்ந்துகொண்டன.  பெரியவர்கள் அவரவர் வாசலில் நின்றார்கள். பையின் தையலைப் பிரிக்க வேண்டுமானால் முதலில் அதை உள்வெளியாகத் திருப்ப வேண்டும். இசக்கி மேலே கிடந்த ரோஷன் பையை எடுத்து, அடிமுனையைப் பிடித்து வெளியே இழுக்கக் கையை உள்ளே விட்டாள்.

உள்ளே ஒரு சின்னக் கை அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டது.

அந்தக் கை வியர்த்து, சில்லென்று இருந்தது. பிடி என்றால் அப்படி ஒரு பிடி. இசக்கி எதிரே இருந்த பிள்ளைகளை எண்ணினாள். பத்து. பத்துப் பேர் கையும் கண்ணுக்கு முன்னால் மடியில் இருந்தது.

"லிப்சா" என்றாள். "இது லிப்சா கை. பிள்ளை பயந்து போயிருக்கு."

சத்தம் பைக்குள் போகாது என்பதால் தன்ஷிகா ஓடிப்போய் நோட்டைக் கிழித்துக்கொண்டு வந்து, எங்கே இருக்கிறாய் என்று பெரிய எழுத்தில் எழுதி, பென்சிலோடு தன் பையில் போட்டாள். லிப்சா இங்கே பள்ளிக்கூடத்தில் தமிழ்தான் படித்தவள். கொஞ்ச நேரத்தில் அதே தாளின் பின்பக்கத்தில் பதில் வந்தது. கொம்பு இல்லாத எழுத்துகளும் காலில்லாத எழுத்துகளுமாக இருந்ததை அம்பலவாணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். ரயில் போய்விட்டது, அம்மா ரயிலில், என்று இருந்தது.

பெருமாநல்லூரையும் விட்டுக் கிளம்பி ஊருக்குப் போகிற ரயில், எங்கோ ஒரு சின்ன ஸ்டேஷனில் எதிர் ரயிலுக்காக நின்றபோது தண்ணீர் பிடிக்க இறங்கியிருக்கிறாள் பிள்ளை, குனி கைக்குழந்தையோடும் அவள் புருஷன் மேல் பெர்த்திலும் அசந்திருக்கிறார்கள், ரயில் நகர்ந்துவிட்டது. அந்த வெறும் பிளாட்பாரத்தில் நின்ற பிள்ளைக்கு வேறு யாரையும் தெரியாததால், கழுத்தில் கிடந்த பையின் ஏழு முடிச்சையும் பல்லால் அவிழ்த்து, கையை உள்ளே விட்டிருக்கிறது. இதெல்லாம் துண்டு துண்டாகத் தாளில் வந்தது.

அதன்பிறகு அந்தக் காம்பவுண்டில் நடந்ததை இன்றைக்கும் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள், ஆனால் ஒன்றில் எல்லோரும் ஒத்துப்போவார்கள்: யாரும் யாரையும் எதிர்பார்த்து நிற்கவில்லை. அம்பலவாணன், மஞ்சள் பலகையில் இருக்கிற இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து அப்படியே வரைந்து அனுப்பு என்று எழுதிப் போட்டார். வந்த எழுத்தில் பாதி இடம் வலம் மாறி நின்றது. அதைக் கண்ணாடியில் காட்டிப் படித்து, ஆந்திராவில் ராஜமுந்திரியைத் தாண்டி ஒரு சின்ன ஸ்டேஷன் என்று கண்டுபிடித்தார். குனி வீட்டுக்காரன் தபனின் போன் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருந்தது. ஜெசிந்தா ரோட்டு முனையில் ஒடியாக்காரர்கள் சாப்பிடுகிற மெஸ்ஸுக்கு ஓடி, அதே பெட்டியில் போகிற இன்னொருவன் நம்பரை வாங்கிக்கொண்டு வந்தாள். ராமாத்தாள் ரயில்வேக்குப் போன் போட்டு, போனை எடுத்தவர் மரியாதையாகப் பேசுகிறவரைக்கும் அவரை விடவில்லை. இசக்கி மட்டும் பாயை விட்டு அசையவில்லை. அவள் விரல் பிடியில் இருந்தது.

ஸ்டேஷன் மாஸ்டர் மாமா வெள்ளைச் சட்டை போட்டு வருவார், அவர் பெயர் சட்டையில் இருக்கும், நாங்கள்தான் அனுப்பினோம், அவரோடு இரு என்று எழுதிப் போட்டார்கள். அடுத்த பக்கத்தில் இசக்கி சொல்லச் சொல்லத் தன்ஷிகா எழுதினாள்: உன் அம்மா வந்ததும் என் விரலை மூன்று தரம் இழு, அதுவரை நான் விடமாட்டேன்.

மாஸ்டர் வந்தார். தெலுங்கும் இங்கிலீஷுமாக அம்பலவாணனிடம் போனில் பேசினார். பிள்ளை பெஞ்சில் இருக்கிறது, ஒரு கையைப் பைக்குள் வைத்திருக்கிறது, எடுக்கச் சொன்னால் எடுக்க மாட்டேன் என்கிறது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன் என்றார். தாயும் தகப்பனும் அடுத்த ஜங்ஷனில் இறங்கித் திரும்பி வருகிற ரயிலைப் பிடிக்க நாலு மணி நேரம் ஆகும் என்றும் சொன்னார்.

நாலு மணி நேரம் ஒரு பிள்ளை பசியோடு இருக்குமா. கோமதி தன் பித்தளைத் தூக்கில் தயிர்சாதமும் எலுமிச்சம் சாதமும் வைத்து மூடியைத் திருகிக்கொண்டு வந்தாள். ஜெசிந்தா வறுத்த மீனை வாழையிலையில் கட்டிக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் வராமல் தயங்கி நின்றாள். கோமதி திரும்பிப் பார்த்துவிட்டுத் தூக்கின் மூடியை மறுபடி திறந்தாள்.

"இதுக்குள்ளயே வைங்க அக்கா" என்றாள். "தனியா வச்சா ஆறிப்போகும்."

தூக்கு குகன் பை வழியாகப் போனது. சற்றுப் பொறுத்து மாஸ்டர் போன் செய்து, பிள்ளை நன்றாகச் சாப்பிட்டது, தானும் கொஞ்சம் சாப்பிட்டேன், எலுமிச்சம் சாதத்தில் உப்பு ஒரு கல் குறைவு என்று சொன்னார். அவர் அனுப்பின இரண்டு வாழைப்பழம் ரோஷன் பையில் வந்தது.

வெயில் உச்சிக்கு ஏறி, சாய்ந்து, குழாயின் நிழல் பாயின் மேல் வந்து விழுந்தது. இசக்கியின் கை தோள்பட்டை வரை மரத்துப்போனது. அவள் புருஷன் வந்து குடை பிடித்து நின்றான். தன்ஷிகா தன் பையில் கையை விட்டு உள்ளே துழாவி, தன் அம்மாவின் கையையும் லிப்சாவின் கையையும் கண்டுபிடித்து, அதன்மேல் தன் கையை வைத்தாள். அதைப் பார்த்துக் குகன் வைத்தான். ரோஷன் வைத்தான், ரோஷன் பைக்குள் இசக்கியின் கையே இருந்ததால் அதை ஒட்டியே நுழைத்தான். ஒவ்வொன்றாகப் பத்துப் பிள்ளைகளும் பாயைச் சுற்றி உட்கார்ந்து கையை உள்ளே விட்டுக்கொண்டன, யாரோ உள்ளே கிச்சுக்கிச்சு மூட்டியிருக்க வேண்டும், ஒரு பிள்ளை சிரித்தது, அது மற்றதுக்கு ஒட்டியது, அந்த நேரத்தில் இசக்கியின் விரலைப் பிடித்திருந்த கையும் குலுங்கிற்று. அங்கே ஒரு வெறும் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து லிப்சாவும் சிரிக்கிறாள் என்பது அவளுக்கு விரல் வழியாகத் தெரிந்தது.

மூன்றரை மணிக்கு விரல் இழுபட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. பிடி விட்டது.

இசக்கி கையை வெளியே எடுத்தாள். விரல் வெளுத்துச் சுருங்கி, பிடித்த அடையாளம் நாலு வரியாகப் பதிந்திருந்தது. எல்லோரும் அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள். ராமாத்தாள் குனிந்து, பாயில் கிடந்த டிரிம்மரை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, அவங்கவங்க பையை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போங்க கண்ணுங்களா என்றாள். பிரிக்கிற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பையின் அடியில் பொரி கிடந்தது. காம்பவுண்டில் எல்லோரும் ஆளுக்கு ஒரு வாய் எடுத்துத் தின்றார்கள், கோமதி உட்பட. அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து தின்றதால் அன்றைக்கு அது வேறு ருசியாக இருந்தது என்றாள் ஜெசிந்தா. பதிலுக்கு அன்று ராமாத்தாள் வீட்டையும் சேர்த்துப் பத்து வீட்டிலிருந்தும் பத்துப் பலகாரம் போயிற்று. லிப்சாவின் ஊரில் அதை எப்படித் தின்று முடித்தார்கள் என்று தெரியவில்லை, டப்பாக்கள் மட்டும் கழுவித் துடைத்துத் திரும்பி வந்தன, ஒவ்வொன்றிலும் சரியான மூடி.

இப்படி வாரங்கள் போயின. ஒரு நாள் இசக்கி உடம்புக்கு முடியாமல் கம்பெனிக்கு லீவு போட்டிருந்தாள். தன்ஷிகாவுக்கும் பள்ளிக்கூடம் இல்லை, வெளியே விளையாடப் போய்விட்டாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, கழுவுவதற்கு டப்பா ஏதாவது கிடக்கிறதா என்று மகளின் பையில் கையை விட்டாள். எதையும் மனசில் நினைத்துக்கொள்ளவில்லை.

ஒரு கை தட்டுப்பட்டது. சின்னக் கை இல்லை. பெரிய கை, மணிக்கட்டில் அரக்கு வளையல் நாலைந்து நெருக்கமாக இருந்தது. அதுவும் டப்பா தேடித்தான் வந்திருக்க வேண்டும், இசக்கியின் கை பட்டதும் ஒரு கணம் பின்வாங்கிற்று.

இரண்டு வருஷம் அந்த வளையலைக் குழாயடியில் பார்த்தவள் இசக்கி. அன்றைக்கு, குடம் பாதி நிறைந்திருந்தபோது சொல்லாமல் விட்ட சொல் அவள் தொண்டையில் அப்படியே இருந்தது. பைக்குள் சத்தம் போகாது. காகிதம் தேடலாம், குனிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அவள் கையை நீட்டி, பின்வாங்கின அந்தக் கையைத் தேடி, பிடித்தாள். பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கை முதலில் சும்மா இருந்தது. பிறகு விரல்கள் மெதுவாக மடங்கி இவள் கையைச் சுற்றிக்கொண்டன. கட்டைவிரல் இவள் புறங்கையின் மேல் ஒரு தடவை போய், ஒரு தடவை வந்தது.

அடுப்பில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. வழியட்டும் என்று இசக்கி நின்றாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, அவளே அறியாமல் சிரித்துக்கொண்டும் இருந்தாள். பால் தீயும் வாசம் பிடித்துக் கோமதி எதிர் வீட்டிலிருந்து நேரே உள்ளே வந்தாள். பையையும், பைக்குள் போயிருந்த கையையும், இசக்கியின் முகத்தையும் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். பிறகு, போகிற போக்கில், தன் வீட்டு வாசல் கதவில் தொங்கிய குகனின் பையில் தன் கையையும் விட்டு அந்தக் கைகளைத் தேடினாள்.